‘எங்கேயோ தப்பு’ ஆசாமி

தப்பு செய்கிறவர்கள் உலகத்தில் நிறைய உண்டு. செய்த தப்பைச் செய்யவே இல்லை என்று சாதிக்கிறவர்களும் உண்டு. அவர்களையெல்லாம் விட்டுவிடுங்கள், அவர்களைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. நான் சொல்ல வந்த ரகம் வேறு. இவர் தப்பே செய்யமாட்டார். நீங்கள் செய்த தப்பை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். அது என்ன தப்பு, எந்த இடத்தில் இருக்கிறது, எப்படித் திருத்தினால் சரியாகும் எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் உங்களிடம் சொல்லமாட்டார். “எங்கேயோ தப்பு இருக்கே” என்பார். அத்தோடு சரி. அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பார்த்திருக்கிறீர்களா? பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பேங்க்கில் நீங்கள் நீட்டிய பாரத்தைக் கண்ணாடி வழியாக ஒருமுறை, கண்ணாடிக்கு மேல் வழியாக ஒருமுறை பார்த்துவிட்டு, “சரியா ஃபில்லப் பண்ணிட்டு வாங்க” என்று திருப்பித் தள்ளி, நீங்கள் “எதுங்க சார் சரியில்ல?” என்று கேட்பதற்குள் அடுத்த ஆளின் பாரத்தை வாங்கிக்கொண்டவர் இவர்தான். பள்ளிக்கூடத்தில் உங்கள் கணக்கு நோட்டின் முழுப் பக்கத்துக்கும் மூலைக்கு மூலை சிவப்புக் கோடு இழுத்தவரும் இவர்தான். கல்யாண வீட்டில், சாம்பாரை ஒரு கரண்டி உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்து, சமையல்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, “ம்ஹும்” என்று மட்டும் சொல்லிவிட்டு வேட்டியில் கையைத் துடைத்தபடி பந்திப் பக்கம் போய்விடுபவர் யார் என்று நினைக்கிறீர்கள்? உப்பா, புளியா, பருப்பு வேகவில்லையா? கேட்டுப் பாருங்கள். “உங்களுக்கே தெரியணும்” என்பார்.

இந்த ‘உங்களுக்கே தெரியணும்’தான் அவருடைய முத்திரை வாக்கியம். இதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் வருகிற திருப்தி இருக்கிறதே, அதை வேறு எந்தச் சந்தர்ப்பத்திலும் பார்க்க முடியாது. காரணம் சொல்லிவிட்டால் நீங்கள் திருத்திக்கொண்டு போய்விடுவீர்கள். அப்புறம் அவரிடம் என்ன இருக்கும்?

எனக்கு இந்த ரகத்தோடு நெருங்கிய பழக்கம் ஏற்பட்டது இரண்டாயிரத்து எட்டில். திருப்பூரில் ரயிலடிக்குப் பின்னால் ஒரு சந்தில், ஆறு கம்ப்யூட்டர்களும் அறைக்கு ஒரு திரைச்சீலையும் போட்டு, ‘பிரவுசிங் சென்டர்’ என்று போர்டு மாட்டியிருந்தேன். பத்தாம் வகுப்பு ரிசல்ட், ரயில் டிக்கெட், சவுதிக்குப் போன மாப்பிள்ளையோடு சாட்டிங் என்று எல்லாத் தேவைக்கும் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு என் கடைதான். முன்னால் ஒரு பெஞ்சு போட்டு, என் மனைவி மருதாள் டீக்கடையும் நடத்திக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் டீயைக் குடிக்க வந்தவர்கள்தான் பாதிப் பேர் உள்ளே வந்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை சாரதாமணி வந்தார். பக்கத்துத் தெருவில் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருப்பவர். பெரிய கம்பெனிக்காரர்கள் வெட்டிக் கொடுக்கும் துணியை வாங்கி பனியனாகத் தைத்துக் கொடுக்கிற வேலை. இருபத்துநாலு மிஷின், முப்பத்திரண்டு ஆள். முதலில் செக்கிங் பெண்ணாக வேலைக்குச் சேர்ந்து, அப்புறம் தானே ஒரு ஷெட்டைப் பிடித்து மேலே வந்தவர். தையல் கோணியிருக்கிறதா, நூல் விட்டிருக்கிறதா, குண்டூசி முனை அளவுக்கு ஆயில் கறை பட்டிருக்கிறதா என்று ஒரு பீஸைக் கையில் எடுத்துத் திருப்பினால் போதும், கண் தானாகப் போய் அந்த இடத்தில் நிற்கும்.

“ஏனுங்ணா, கம்பெனில ஏதோ வெப்சைட்டாமுங்க. அதுல நம்ம யூனிட்டப் பதிஞ்சாத்தான் திங்கக்கெழமையிருந்து கட்டிங் தருவாங்களாம். இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணியோட மூடிப்போடுவாங்களாமா” என்றார்.

அந்தக் கம்பெனியின் பெயர் வேண்டாம். பெரிய ஏற்றுமதிக் கம்பெனி. சாரதாமணியின் இருபத்துநாலு மிஷினும் அவர்கள் கொடுக்கிற வேலையில்தான் ஓடிக்கொண்டிருந்தன. திங்கட்கிழமை கட்டிங் வரவில்லை என்றால் முப்பத்திரண்டு பேரும் காலையில் டிபன் பாக்ஸோடு வந்து, பூட்டிய ஷெட்டுக்கு முன்னால் நின்றுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். சீசன் ஆரம்பம் வேறு. ஒருமுறை போன டெய்லர் திரும்பி வரமாட்டார். எதிர்த்த ஷெட்டில் ஓவர்லாக் தையல் மிஷின் ஆளில்லாமல் காலியாகவே இருக்கிறது.

“அஞ்சு நிமிஷ வேலை, வாங்க” என்று நான் சொன்னேன். என் வாயில் சனி.

படிவத்தைத் திறந்தோம். எல்லாம் ஆங்கிலம். பெயர், யூனிட்டின் பெயர், விலாசம், போன் நம்பர், எத்தனை மிஷின், எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்று பதினைந்து கட்டங்கள். சாரதாமணி ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் தட்டினேன். ‘அனுப்பு’ என்ற பொத்தானை அமுக்கினேன். பக்கம் சுற்றிச் சுற்றி யோசித்துவிட்டு, மேலே சிவப்பில், அதுவும் ஆங்கிலத்தில், ஒரே ஒரு வரி காட்டியது. ‘படிவத்தில் பிழைகள் உள்ளன. திருத்தி மீண்டும் அனுப்பவும்.’

என்ன பிழை? எந்தக் கட்டத்தில்? ஒரு எழுத்துக்கூட இல்லை. அது போதாதென்று, தட்டிய பதினைந்து கட்டத்தையும் சுத்தமாகத் துடைத்துக் காலியாக வைத்திருந்தது.

மறுபடி தட்டினேன். மறுபடி அதே வரி. பின்கோடில் சந்தேகப்பட்டு போஸ்ட் ஆபீஸுக்கு போன் பண்ணிக் கேட்டோம், பின்கோடு சரி. யூனிட்டின் பெயரில் ‘டெக்ஸ்’ என்பதை ‘டெக்ஸ்டைல்ஸ்’ என்று மாற்றினோம். அதுவும் வேலைக்கு ஆகவில்லை. அந்தச் சமயம் பகலில் இரண்டு மணி நேரம் கரண்ட் நிறுத்துவார்கள். சொல்லி வைத்தாற்போல் அது வேறு போனது. வந்த பிறகு மறுபடி. ஏழாவது தடவை மெயில் ஐடியை மாற்றினோம். எட்டாவது தடவை கம்ப்யூட்டரையே மாற்றினோம். சாரதாமணி கம்பெனிக்கு போன் பண்ணினார். “அது சாப்ட்வேருங்க, எங்க கையில இல்ல, சைட்லயே ஏத்துங்க” என்று அங்கிருந்து பதில் வந்தது.

பத்தாவது தடவை சிவப்பு வரி வந்தபோது சாரதாமணி திரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

“பொம்பள பேருல இருக்கறதால எடுக்கலீங்களாண்ணா?”

எனக்குச் சுருக்கென்றது. காரணம் சொல்லாதவர்கள் செய்கிற வேலை இதுதான் பாருங்கள். தப்பு எங்கே என்று அவர்கள் சொல்லாவிட்டால், மனுஷன் தன்னிடத்தில் இருக்கிற ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து, இதுவாக இருக்குமோ அதுவாக இருக்குமோ என்று சந்தேகப்பட ஆரம்பித்துவிடுகிறான். இருபது வருஷம் மிஷினோடு மல்லுக்கட்டிய பெண்ணை, ஒரே ஒரு சிவப்பு வரி அரை நாளில் அந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

பதினொன்றாவது தடவையும் திருப்பி அனுப்பப்பட்ட பிறகு, பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் அந்த வெப்சைட்டைச் செய்தவர்களின் பெயர் இருப்பதைப் பார்த்தேன். பார்த்தால் நம்ம ஊர் ஆபீஸ். என் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு நூல் குடோனுக்கு மேல் மாடி. மணி நாலே கால். என் மொபெட்டில் சாரதாமணியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினேன். எதிரே கம்பெனி வேன்கள் ஷிப்ட் முடிந்த ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தன. அவர் அந்த வேன்களையே பார்த்தபடி வந்தார்.

மாடியில் இரண்டே பேர். ஒருவர் பாண்டித்துரை. விருதுநகர்ப் பக்கத்துக்காரர். அந்தப் படிவத்தை எழுதியவர் அவரேதான். இன்னொருவர் ஷைமா, உள்ளூர்ப் பெண்; பாண்டித்துரை எழுதுவதை ஓட்டிப் பார்த்துக் குறை சொல்வது அவருடைய வேலை. விஷயத்தைச் சொன்னோம். பாண்டித்துரை நாற்காலியைச் சுழற்றித் திரும்பி உட்கார்ந்து, எங்கள் முன்னாலேயே சாரதாமணி சொல்லச் சொல்ல பதினைந்து கட்டத்தையும் தட்டினார். அமுக்கினார். சிவப்பு வரி வந்தது.

பாண்டித்துரையின் முகம் மலர்ந்தது.

“பாத்தீங்களாக்கா, கரெக்டாத்தான் சொல்லுது. தப்பு இருக்கு” என்றார்.

“தப்பு இருக்கறது தெரியுதுங் தம்பி. எதுல இருக்குது?”

“அதெல்லாம் கன்ட்ரோலர்ல இருக்கும்க்கா.”

கன்ட்ரோலர் என்றால் என்ன என்று எனக்கும் அன்றுதான் தெரிந்தது. உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் விட்டால் நானும் அந்த ரகத்தில் சேர்ந்துவிடுவேன். நீங்கள் அனுப்புகிற படிவத்தை முதலில் கையில் வாங்குவது அதுதான். ஒவ்வொரு கட்டமாகச் சோதிக்கச் சொல்லி, எல்லாம் சரி என்றால் உள்ளே அனுப்பும், இல்லையென்றால் உங்களிடமே திருப்பிவிடும். சோதிக்கும்போது எந்தக் கட்டத்தில் என்ன தப்பு என்று ஒரு பட்டியலே அதற்குக் கிடைத்துவிடுகிறதாம். அந்தப் பட்டியலை எடுத்து நம் பக்கத்தில் காட்டு என்று ஒரு வரி எழுதவேண்டும். பாண்டித்துரை அந்த ஒரு வரியை எழுதவில்லை. அவ்வளவுதான் சங்கதி.

“உங்க கன்ட்ரோலருக்குத் தெரிஞ்சு எனக்கென்னங் தம்பி ஆகப்போவுது?” என்றார் சாரதாமணி.

“எல்லாத்தையும் காட்டுனா பேஜ் அசிங்கமாயிருமுல்லக்கா. டிசைன் போயிரும். அதுபோக, ஃபார்ம் போடறவங்க கொஞ்சம் கவனமாப் போடணும்ல. வேலிடேஷன் எவ்வளவு பக்காவா வேல செய்யுதுன்னு பாருங்க, பதினோரு தடவையும் புடிச்சிருக்கு.”

பதினோரு தடவையும் பிடித்திருக்கிறதாம். அதைச் சொல்லும்போது அவருக்கு இருந்த பெருமையை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். முப்பத்திரண்டு பேருடைய திங்கட்கிழமை அவருக்குத் தெரியாது. அவருடைய சல்லடையில் ஒரு கல்கூட நழுவவில்லை என்பதுதான் தெரியும். நல்ல பையன்தான். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. இந்த ரகத்தில் கெட்ட எண்ணக்காரர்கள் குறைவு என்பதுதான் இதிலுள்ள பெரிய வேதனை. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மானிட்டரைத் தூக்கிக் குடோனில் போட்டிருப்பேன்.

மணி நாலு முப்பத்தைந்து. சாரதாமணி தன் பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது ஷைமா தன் இடத்திலிருந்தே பேசினார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ஏனுங் பாண்டியண்ணா, போன வாரம் பொண்ணு வீட்டுல ‘சரிப்பட்டு வராது’ன்னு மட்டும் சொல்லியுட்டாங்கன்னு ரெண்டு நாளாச் சோறு திங்காம உக்காந்திருந்தீங்களே. என்னன்னு சொல்லியிருந்தாத் திருத்தியிருப்பனேன்னு பொலம்பினீங்க.”

பாண்டித்துரையின் கை முன்நெற்றிக்குப் போனது. தன் உயரமா, சம்பளமா, வழுக்கை விழ ஆரம்பித்த முன்நெற்றியா என்று அவர் ஒரு வாரமாகத் தேடிய கட்டங்களையெல்லாம் மறுபடி ஒருமுறை தேடியிருக்கவேண்டும். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கருப்புத் திரை ஒன்றைத் திறந்து ஏதோ தட்டினார்.

பட்டியல் வந்தது. நாலே நாலு வரி.

மிஷின் எண்ணிக்கைக் கட்டத்தில் நாங்கள் ‘ஓவர்லாக் 16, பிளாட்லாக் 8’ என்று விவரமாகப் போட்டிருந்தோம். அதற்கு வெறும் இருபத்துநாலு போதுமாம். போன் நம்பரில் ஊர் கோடுக்கு அப்புறம் போட்ட சின்னக் கோடு ஆகாதாம். தேதியில் புள்ளி வைத்திருந்தோம், சாய்கோடு போடவேண்டுமாம். நாலாவது வரிதான் முதல் கட்டத்துக்கானது.

பாண்டித்துரை அதைத் தமிழில் சொன்னார். “பெயரில் எழுத்துகள் மட்டுமே இருக்கலாம். பெயர்ல புள்ளி வச்சிருக்கீங்கக்கா. அதான்.”

“எது, இனிஷியலுக்கு வச்ச புள்ளிங்களா?”

“ஆமாக்கா.”

வே. சாரதாமணி. ரேஷன் கார்டில் அப்படித்தான், பேங்க் புத்தகத்தில் அப்படித்தான், யூனிட் லைசென்ஸில் அப்படித்தான். இந்தத் தமிழ்நாட்டில் இனிஷியலுக்குப் பக்கத்தில் புள்ளி வைக்காத ஆள் யார் இருக்கிறார்? பாண்டித்துரையின் மேஜை மேல் கிடந்த அவருடைய விசிட்டிங் கார்டை எட்டிப் பார்த்தேன். மு. பாண்டித்துரை என்றுதான் போட்டிருந்தது, புள்ளியோடு.

சாரதாமணியும் அந்தக் கார்டைப் பார்த்தார். “எங்கப்பன் பேருக்கு ஒரு புள்ளி வச்சதுக்காங் தம்பி இத்தனையும்?” என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. கோபமா, சிரிப்பா, இரண்டுமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

புள்ளியை எடுத்தோம். கோட்டை எடுத்தோம். இருபத்துநாலு என்று போட்டோம். தேதியைச் சாய்த்தோம். நாலு ஐம்பத்திரண்டுக்கு அமுக்கினோம். ‘பதிவு ஏற்கப்பட்டது’ என்று பச்சையில் ஒரு வரி வந்தது. ஷைமா அதைப் பிரின்ட் எடுத்துக் கொடுத்தார். சாரதாமணி அந்தத் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தவர், அதே பையிலிருந்து ஒரு சின்னச் சுருளை எடுத்தார்.

பனியன் கம்பெனிக்கு வெளியே இருப்பவர்களுக்கு அந்தச் சுருளைத் தெரிந்திருக்காது. அம்பு ஸ்டிக்கர் என்பார்கள். சுண்டுவிரல் நகமளவு இருக்கும், சிவப்பு அம்பு. செக்கிங்கில் உட்கார்ந்திருக்கும் பெண் ஒரு பீஸில் டேமேஜைக் கண்டுபிடித்தால், அந்த இடத்தைக் காட்டுகிற மாதிரி அம்பை ஒட்டித்தான் டெய்லருக்குத் திருப்பி அனுப்புவாள். டெய்லர் பீஸைப் புரட்டித் தேடவேண்டியதில்லை. அம்பு எங்கே காட்டுகிறதோ அங்கே பிரித்து அங்கே தைத்தால் தீர்ந்தது.

சாரதாமணி நாலு அம்பைப் பிரித்து, பாண்டித்துரையின் மானிட்டரில், பச்சை வரிக்குக் கீழே மறுபடி காலியாக வந்து நின்ற படிவத்தின் அந்த நாலு கட்டத்துக்கும் பக்கத்தில் ஒவ்வொன்றாக நிதானமாக ஒட்டினார்.

“எங்க யூனிட்டுல செக்கிங்ல ஒரு புள்ள இத ஒட்டாம, ‘டேமேஜு’ன்னு மட்டும் சொல்லிப் பீஸத் தூக்கி வீசுனா, அந்த டெய்லர ஒண்ணுஞ் சொல்லமாட்டனுங் தம்பி. அந்தப் புள்ளயத்தான் ஊட்டுக்கு அனுப்புவன்.”

பாண்டித்துரை அந்த நாலு அம்பையும் பார்த்தார். “திங்கக்கிழமைக்குள்ள மாத்திர்றேன்க்கா” என்றார். மாற்றியும்விட்டார் என்று பிற்பாடு தெரிந்தது. ஒவ்வொரு கட்டத்துக்குப் பக்கத்திலும் என்ன தப்பு என்று சிவப்பில் வரும்படி செய்துவிட்டாராம். பேஜ் ஒன்றும் அசிங்கமாகிவிடவில்லை.

இங்கேயே நிறுத்தியிருந்தால், பாண்டித்துரை திருந்தினார், நல்ல கதை என்று நீங்களும் எழுந்து போயிருப்பீர்கள். ஆனால் கடைக்குத் திரும்பினோம் அல்லவா?

மருதாள் சந்தோஷப்பட்டு, சாரதாமணிக்கு ஊத்துக்குளிப் பாலில் ஸ்ட்ராங்காக ஒரு டீ போட்டுக் கொடுத்தாள். சாரதாமணி ஒரு வாய் குடித்தார். நாக்கை ஒருமுறை சப்பினார்.

“டீ ஒரு மாதிரி இருக்குதுங்க” என்று டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டார்.

“ஏனுங்க, சக்கர கம்மியாப் போச்சுங்களா? தூள் சாஸ்தியா?” என்று மருதாள் பதறிக் கேட்டாள்.

“அதெல்லாம் இல்லீங்க. என்னமோ ஒண்ணு.”

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. கால்மணி நேரத்துக்கு முன்னால் நாலு அம்பு ஒட்டிவிட்டு வந்த கை அது. நடந்ததையெல்லாம் மருதாளிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். பாண்டித்துரையின் முகம் போன போக்கை நடித்தும் காட்டினேன். “இப்படியும் ஆளுக இருக்கறாங்க பாரு, தப்புன்னு மட்டும் சொல்லுவாங்க, எதுல தப்புன்னு வாயத் தொறக்கமாட்டாங்க” என்றேன். சாரதாமணிகூடத் தன் டீயை நினைத்துக்கொண்டு சிரித்தார்.

மருதாள் சிரிக்கவில்லை. பால் சட்டியை இறக்கி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“புதங்கெழமையிருந்து நாலு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டுத் திரியறீங்க. சோத்துல கைய வெச்சா ஒரு பேச்சில்ல. ஏனுங்க கோவம், நான் என்ன பண்ணுனேன்னு எத்தன தடவ கேட்டிருப்பன். என்ன சொன்னீங்க?”

என்ன சொன்னேன் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. “உனக்கே தெரியணும்” என்று சொன்னேன்.

மருதாள் சாரதாமணியிடம் கையை நீட்டினாள். “அந்த அம்புல ஒண்ணு குடுங்க.” சாரதாமணி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒன்றைப் பிரித்துக் கொடுத்தார். மருதாள் அதை என் ஆள்காட்டி விரலில் ஒட்டினாள்.

“இன்னைக்குத் தப்பு எங்கங்கறத ஒட்டிக் காட்டிருங்க. நானும் திருத்திக்கறேன்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நாலு நாள் தேடிக் களைத்துப்போன குரல். மத்தியானம் அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, பொம்பளை பேரில் இருப்பதாலா என்று சாரதாமணி கேட்டாரே, அதே குரல்.

விரலை நீட்டிக்கொண்டு நின்றேன். புதன்கிழமை என்ன நடந்தது? சட்டையில் பொத்தான் தைக்காமல் விட்டாளா? அவளுடைய அண்ணன் வந்தபோது என்னைக் கூப்பிடவில்லையா? ரசமா? எவ்வளவு யோசித்தும் வரவில்லை. என் கன்ட்ரோலரில் பட்டியலே இல்லை. வெறும் சிவப்பு வரி மட்டும்தான் நாலு நாளாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், இந்த ரகத்தை வெளியே தேடிக்கொண்டு அலையவேண்டாம். இதைப் படித்து முடித்த உங்களுக்கும் இப்போது, ‘நல்லாத்தான் இருக்கு, ஆனா என்னமோ ஒண்ணு சரியில்லையே’ என்று லேசாகத் தோன்றுகிறதில்லையா? அது என்ன? எந்த வரியில்? சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். சொல்ல வரவில்லை, ‘உங்களுக்கே தெரியணும்’ என்றால், அந்த ஸ்டிக்கர் இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பெயரையும் விலாசத்தையும் எழுதி அனுப்புங்கள், தபாலில் சேர்த்துவிடுகிறேன். இனிஷியலுக்குப் புள்ளி மட்டும் வைக்காதீர்கள்.